சூழல் காக்கும் சட்டமும் மாணவர் இதழும்

தீர்ப்புகள் ஏட்டில் உறங்கினால் மக்களுக்குப் பயன் விளைவதில்லை. அவற்றை ஆராய்ந்து விளக்கி, குறை காணுமிடத்துச் சுட்டிக்காட்டுவன சட்ட இதழ்களே. இத்துறையில் நம் சென்னைக்கு நெடிய மரபுண்டு. மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை விவாதித்து வந்த வழக்கறிஞர்களின் முயற்சியால் 1891ஆம் ஆண்டு ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தோன்றியது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1887இல், அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப்பள்ளியில் மாணவர்கள் தாமே ஓர் இதழைத் தொடங்கினர். கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தல், மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடுதல், பிழை களைதல் ஆகிய யாவும் மாணவர் பணியே. இம்மரபின் வழியில், காலநிலை மாற்றத்திற்கும் எரியாற்றல் சட்டத்திற்கும் எனச் சான் டியாகோ பல்கலைக்கழக மாணவர்கள் தனி இதழே கண்டனர்.

காலநிலைக்கும் சட்டத்திற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். அருகிவரும் கானமயில் மின்கம்பிகளில் மோதி மடிவதைத் தடுக்க, இராஜஸ்தான், குஜராத் மாநிலப் பகுதிகளில் அக்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. அதனால் சூரிய மின்திட்டங்கள் தடைப்படும் என அரசு முறையிட்டது. பறவையைக் காப்பதா, புகையில்லா மின்சாரத்தைப் பெருக்குவதா? இரண்டும் சூழலைக் காக்கும் பணிகளே. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் முன்னைய ஆணையைத் தளர்த்தி, வழிகாண வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளினின்று காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியுள்ளது என்றும் அறிவித்தது.

சூழல் வழக்குகள் நமக்குப் புதியன அல்ல. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் பகுதியைப் பாழாக்கிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது. அத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல. கிணற்று நீரை இழந்த உழவர்களும் நம் அண்டை அயலாரே. இரு சாராரின் வாழ்வையும் தொட்ட அத்தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனைப் பிறர் சொல்லக் கேட்டறிந்தோரே மிகுதி.

இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் பெயர்க்கப்படுகின்றன. ஆயினும் மொழிபெயர்ப்பு வேறு, விளக்கம் வேறு. சட்டம் பயில்வோர் செய்தியைச் சரிபார்க்க, தமிழ் பயில்வோர் தெளிவான நடை அமைக்க, இருவரும் இணைந்து ஓர் இதழ் நடத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடிழந்த அடையாற்றுக் கரையோர மக்கள் தம் உரிமை இன்னதெனத் தாமே படித்தறிய வேண்டும். அதற்கு முதல் இதழை நம் மாணவர்கள் கையெழுத்துப் படியாகவேனும் தொடங்கட்டும்; பிழை திருத்தித் தர நாம் அணியமாயிருக்கிறோம்.