சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கை முடியுங்கள்

வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் இதுதான்: வங்கி வீட்டை ஜப்தி செய்யும், ஏலம் விடும், கடன் தீர்ந்துபோகும். வீடு போனாலும் தலைமேல் இருந்த பாரம் இறங்கியதே என்று மூச்சு விடலாம். ஸ்பெயின் நாட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் வேலை போய், தவணை நின்று, வீடும் ஏலத்துக்குப் போன பிறகுதான் வங்கியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வீடு எங்களுக்கு வந்துவிட்டது, மீதிக் கடனை எப்போது கட்டப்போகிறீர்கள் என்று கேட்கும் கடிதம்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருப்பது 1889ஆம் ஆண்டின் ஸ்பானிய உரிமையியல் சட்டம். அதன் 1911ஆம் பிரிவு (பிரிவின் எண்தான், ஆண்டு இல்லை) ஒரே வரியில் முடிந்துவிடும். கடன் வாங்கியவர் இன்று தன்னிடம் இருக்கும் சொத்தால் மட்டுமல்லாமல், இனி சம்பாதிக்கப்போகும் சொத்தாலும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. வீட்டை அடமானம் வைத்திருப்பது கூடுதல் பாதுகாப்புதான். கடன் ஆளோடு ஒட்டிக்கொண்டது, வீட்டோடு போகாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குடியிருக்க வாங்கிய வீட்டுக்கான கடன் என்றால், வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு வங்கி மீதியைக் கேட்டு வர முடியாது. அங்கே சாவியை உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஸ்பெயினில் அப்படி அனுப்பினால் உறைக்குத் தபால்தலை வாங்கிய காசும் வீண்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். 2,20,000 யூரோ மதிப்பு என்று வங்கி சொன்ன ஒரு வீட்டுக்கு 2,00,000 யூரோ கடன். தவணை நின்றது. அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து 30,000 ஏறியது என்று வைத்துக்கொள்வோம். வீடு ஏலத்துக்கு வருகிறது. சரிவுக் காலத்தில் யார் வாங்குவார்கள்? ஏலத்தில் கேட்பாரில்லை என்றால், மதிப்பில் பாதி விலைக்கு வங்கியே வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றைய சட்டம் சொன்னது. ஆக, 1,10,000 கழிந்தது. மிச்சம் 1,20,000 யூரோ கடன், வீடு இல்லாமல். கடன் கொடுக்கும்போது 2,20,000 என்று மதிப்புப் போட்டதும் வங்கி ஏற்பாடு செய்த மதிப்பீட்டாளர்தான். இந்தப் பாதி என்ற அளவை 2011இல் 60 சதவீதமாகவும், 2013இல் 70 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். அதற்குள் ஏராளமான ஏலங்கள் நடந்து முடிந்திருந்தன.

இவ்வளவு பேர் ஏன் கடன் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு வங்கிகள் சொன்ன பதில், தகுதிக்கு மீறி ஆசைப்பட்டார்கள் என்பது. எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. வாடகை வீடுகள் குறைவு. சொந்த வீடு வாங்கினால் வரிச் சலுகை. 2006இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்ட நாடு அது. கட்டுமான வேலைக்கு ஈக்வடாரிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாங்கள் கட்டிய வீடுகளையே அவர்களும் கடனில் வாங்கினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஜாமீன் போட ஆள் ஏது? முன்பின் அவ்வளவாகப் பழக்கமில்லாத இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டன. ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார். உள்ளூர்க்காரர்களுக்கோ ஜாமீன் போட்டது பெற்றோர்தான். மகனின் அடுக்ககத்தோடு, தாத்தா பாட்டி கடன் அடைத்து முடித்து வைத்திருந்த பழைய வீடும் ஏலப் பட்டியலில் ஏறியது அப்படித்தான்.

பெரும்பாலான கடன்கள் மாறும் வட்டியில் இருந்தன. அந்த வட்டியை நிர்ணயிக்கும் யூரிபோர் என்ற குறியீடு 2005 நடுவில் சுமார் 2 சதவீதம், 2008 ஜூலையில் 5 சதவீதத்துக்கும் மேல். தவணை ஏறிய அதே நேரத்தில் கட்டுமான வேலையும் நின்றது. 2013 தொடக்கத்தில் வேலையில்லாதோர் விகிதம் 26 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. யூரிபோர் பின்னர் இறங்கியபோதும் பலருக்குத் தவணை இறங்கவில்லை. வட்டி இந்த அளவுக்குக் கீழே போகாது என்று ஒப்பந்தத்தின் உள்பக்கம் ஒன்றில் ஒரு வரி இருந்தது. வட்டிக்குத் ‘தரை’ போடும் வரி அது. முறையாக விளக்காமல் போட்ட அந்த வரி செல்லாது என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் சொன்னது. ஆனால் அதுவரை கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றது. தர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல 2016 டிசம்பர் ஆயிற்று.

2009 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ஒரு சிறு குழு கூடியது. வீட்டுக் கடனால் பாதிக்கப்பட்டோர் மேடை என்று பெயர். ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் ‘பா’ என்றே அழைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆடா கொலாவ். பின்னாளில், 2015 முதல் 2023 வரை, பார்சிலோனாவின் மேயராக இருந்தவர்.

பா செய்த முதல் வேலை வழக்குப் போடுவதோ ஊர்வலம் போவதோ இல்லை. வாரம் ஒரு கூட்டம். புதிதாக வருபவரைத் தனியறைக்குக் கூட்டிப்போய் ஆலோசனை சொல்வது கிடையாது. எல்லோர் முன்னாலும்தான் பேச வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கலாம், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடன் கட்ட முடியாதவர் வெட்கத்தால் வாய் திறக்காதவர். வங்கி அதிகாரி போனில் அழைத்தால் எடுக்கப் பயந்து, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கடிதத்தை ஒளித்து வைப்பவர். அவர் தன் கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், அதே வங்கி, அதே வாசகத்தில் அனுப்பிய கடிதத்தை எதிரில் இருப்பவர் எடுத்துக் காட்டுவார். பாதி பயம் அங்கேயே போய்விடும். ஆலோசனை சொல்பவரும் வக்கீல் இல்லை, ஆறு மாதம் முன்பு அதே நாற்காலியில் அழுதவர்.

அங்கே சொல்லித்தரும் பாடம் எளிது. பிள்ளைகளுக்குச் சாப்பாடா, வங்கிக்குத் தவணையா என்ற நிலை வந்தால் சாப்பாடுதான் முதலில். வங்கி நீட்டும் எந்தப் புதுத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேள், நகலில் வங்கி முத்திரை வாங்கு. கிளை மேலாளரைப் பார்க்கத் தனியாகப் போகாதே, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. வங்கிக் கிளைக்குள் இருபது பேர் பாவின் பச்சைச் சட்டையோடு போய் உட்கார்ந்தால், மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த கோப்பு சில சமயம் அன்றைக்கே கிடைத்துவிடும்.

அவர்கள் கேட்டது என்ன என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டை இலவசமாகக் கொடு என்று கேட்கவில்லை. வீட்டை எடுத்துக்கொள், அதோடு கணக்கைத் தீர்த்துவிடு என்பதுதான் முதல் கோரிக்கை. ‘தஸியோன் என் பாகோ’ என்பது அதற்கு ஸ்பானியச் சட்டச் சொல். கடனுக்கு ஈடாகப் பொருளையே கொடுத்து முடிப்பது. வீட்டை இழக்கும் உரிமைக்காகவா போராடுவார்கள் என்று தோன்றும். வாழ்நாள் முழுக்கச் சம்பளத்திலிருந்து பிடித்தம் போகும் என்றால், சம்பளச் சீட்டு உள்ள வேலைக்கே போகாமல் மறைந்து வாழத்தான் ஒருவருக்குத் தோன்றும். அதிலிருந்து விடுபடுவதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள், அதே வீட்டில் குறைந்த வாடகைக்கு இருக்க விடுங்கள் என்று சேர்த்துக் கேட்டார்கள்.

ஆனால் வெறுமனே கேட்டால் வங்கி கொடுக்குமா? அங்கேதான் கதவு வருகிறது.

ஒரு வெளியேற்றத்துக்கு நீதிமன்றம் நாளும் நேரமும் குறிக்கும். அன்று காலை நம் ஊர் அமீனாவைப் போன்ற நீதிமன்ற ஊழியர் வருவார். கூடவே வங்கியின் பிரதிநிதி, ஒரு பூட்டுக்காரர், தேவைப்பட்டால் போலீஸ். பூட்டுக்காரரின் வேலை பழைய பூட்டை உடைத்துப் புதியதை மாட்டுவது. 2010 நவம்பரில் பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே லா பிஸ்பால் என்ற சிற்றூரில் இவர்கள் வந்தபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. கல்லெறியவில்லை, கை ஓங்கவில்லை, வழி விடவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போக நீதிமன்ற ஊழியருக்கு அதிகாரமும் இல்லை, ஆசையும் இல்லை. ‘நிறைவேற்ற இயலவில்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பினார். பா தடுத்து நிறுத்திய முதல் வெளியேற்றம் அது. அடுத்த தேதி குறிக்கும் வரை கிடைக்கும் அந்த இடைவெளிதான் ஆயுதம். அதற்குள் வங்கியோடு பேரம் பேச வேண்டும். வாசலில் நிற்பவர்கள் வீட்டைக் காப்பாற்றினார்கள் என்பதைவிட நேரத்தை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதே சரி. அடுத்த முறை கலகத் தடுப்புப் போலீஸ் அதிகாலையிலேயே தெருவை அடைத்துக்கொண்டு வந்த இடங்களும் உண்டு. அங்கே கதவு திறக்கத்தான் பட்டது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுந்துபோகலாம். 2012-13 குளிர்காலத்தில் பம்ப்லோனா நகரத்துப் பூட்டுக்காரர்கள் கூடி, வெளியேற்றத்துக்கு இனி வருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வாரத்துக்குப் பல கதவுகளை உடைத்து, உள்ளே குழந்தைகளையும் கிழவிகளையும் பார்த்துச் சலித்துப்போனவர்கள். 2013 பிப்ரவரியில் லா கொருன்யாவில், வாடகை வீட்டில் இருந்த ஒரு மூதாட்டியை வெளியேற்ற வந்தபோது, கதவுச் சங்கிலியை வெட்ட மறுத்து விலகினார் ஒரு தீயணைப்பு வீரர்.

அதற்கு முன்பே நிலைமை கைமீறியிருந்தது. 2012 நவம்பர் 9 அன்று பாஸ்க் பகுதியில், வெளியேற்ற வந்தவர்கள் வாசலை எட்டும் நேரத்தில் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். நவம்பர் 15 அன்றே அரசு அவசர ஆணை போட்டது: மிக நலிந்த குடும்பங்களை இரண்டு ஆண்டுகளுக்கு வெளியேற்றக் கூடாது. அந்த ஆணையைத் திரும்பத் திரும்ப நீட்டித்து இப்போது 2028 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிறுத்தி வைத்தது வெளியேற்றத்தை மட்டும். ஏலம் நடக்கும், வீடு வங்கியின் பெயருக்கு மாறும். ஆள் மட்டும் உள்ளே இருக்கலாம்.

2013 பிப்ரவரி 5 அன்று கொலாவ் நாடாளுமன்றக் குழு முன் பேச வந்தார். அவருக்கு முன் பேசிய வங்கிச் சங்கப் பிரதிநிதி, நடப்புச் சட்டம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் ஒரு குற்றவாளி, அப்படித்தான் நடத்த வேண்டும் என்றார் கொலாவ். அவர்மேல் செருப்பை எறியாமல் இருந்ததே இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். சட்டத்தை மாற்றக் கோரும் மக்கள் மனுவுக்குத் தேவை 5 லட்சம் கையெழுத்து, கிடைத்தது ஏறக்குறைய 14 லட்சம். ஆனால் அந்த ஆண்டு மே மாதம் வந்த சட்டத்தில் மனுவின் மையமான சாவிக் கோரிக்கை எல்லோருக்குமான உரிமையாக இடம்பெறவில்லை. பரம ஏழைகளுக்கு மட்டும், அதுவும் கடைசி வழியாக, 2012இல் கொண்டுவந்த நடத்தை விதிகளில் அது இருந்தது.

சட்டத்தை உண்மையில் அசைத்தது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம். மொராக்கோவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி 2007இல் 1,38,000 யூரோ கடன் வாங்கியிருந்தார், 33 ஆண்டுத் தவணை. தவறினால் அபராத வட்டி 18.75 சதவீதம். ஒப்பந்தத்தில் உள்ள வாசகம் அநியாயம் என்று அவர் வழக்குப் போட்டார். ஸ்பானிய நடைமுறையில் அந்த வழக்கு ஒரு பக்கம் நடக்கும், ஏலமும் வெளியேற்றமும் இன்னொரு பக்கம் நிற்காமல் போகும். அவர் வெளியேற்றப்பட்டது 2011இல், நீதி வந்தது 2013 மார்ச் 14இல். ஒப்பந்த வாசகம் அநியாயமா என்று பார்க்கும் நீதிபதிக்கு ஏலத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லையென்றால், அது நுகர்வோரைக் காக்கும் ஐரோப்பிய விதிக்கு முரண் என்றது தீர்ப்பு. அதன்பின் நாடெங்கும் நீதிபதிகள் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினார்கள். முன்பு ஒரு தவணை தவறினாலே முழுக் கடனையும் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். 2013 சட்டம் அதை மூன்று தவணை ஆக்கியது. 2019 சட்டப்படி, கடனின் முதல் பாதிக் காலத்தில் 12 தவணையாவது, அல்லது கடன் தொகையில் 3 சதவீதமாவது பாக்கி இருக்க வேண்டும். பிற்பாதியில் 15 தவணை, அல்லது 7 சதவீதம்.

இதையெல்லாம் எதிர்த்தவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. சாவியைக் கொடுத்தால் கடன் தீரும் என்றால் வங்கி இனி கூடுதல் வட்டி கேட்கும், ஒழுங்காகக் கட்டுபவன் ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்றார்கள். வருங்காலக் கடன்களுக்கு அது சரியான கேள்வி. பழைய கடன்களைப் பொறுத்தவரை, அதே வங்கிகளில் பலவற்றைப் பொதுப் பணம் தூக்கி நிறுத்திய பிறகு, அதைக் கேட்பவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பாவினர் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வீட்டு வாசலில் போய்க் கோஷம் போட்டதைத்தான் என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. உள்ளே அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள்.

வெளியேற்றத்துக்கு ஸ்பானிய மொழியில் ‘தெசவுசியோ’ என்று பெயர். அதன் வினைச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: இனி பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் நோயாளியைக் கைவிடுவது. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் வாடகைதாரர்களைப் பற்றியே அடிபடுகிறது. வீட்டுக் கடனால் நடக்கும் வெளியேற்றங்களைவிட வாடகை பாக்கியால் நடப்பவை இப்போது அதிகம். வங்கிகள் எடுத்துக்கொண்ட வீடுகளில் பலவும் முதலீட்டு நிதியங்களின் கைக்குப் போய்விட்டன. வாரக் கூட்டத்துக்குப் புதிதாக வருபவரிடம் அடமானப் பத்திரம் இல்லை, இரண்டு பக்க வாடகை ஒப்பந்தம்தான் இருக்கிறது. வரிவரியாகப் படித்தாலும் அதில் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ள ஒரு வாசகம் கிடைப்பது அரிது. வாசலில் நிற்க ஆள் கேட்பதோடு அவருடைய வழி முடிந்துவிடுகிறது.