ஆஞ்சியோகிராம் ஆபரேஷன் அல்ல: பயந்து தள்ளிப்போடாதீங்க!

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள் இ.சி.ஜி., எக்கோ வரை பயப்படுவதில்லை. "ஆஞ்சியோ பண்ணி பார்த்துடலாம்" என்று டாக்டர் சொன்னதும் முகம் வெளிறி விடுகிறது. "வீட்ல பேசிட்டு வர்றோம் சார்" என்று கிளம்பி விடுகிறார்கள். திரும்பி வருவதற்குள் மாரடைப்பு வந்து விட்டால்? அந்த பயமே ஆளுக்கு எமனாகி விடும்.

நெஞ்சை கிழிப்பார்களா?

இல்லை. மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிந்து விடும். நோயாளி விழித்தே இருப்பார். மருந்து ஏறும்போது சில நொடி உடம்பு சூடாகும். அது சகஜம். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்து விடும்.

1929-ல் ஜெர்மனி டாக்டர் வெர்னர் போர்ஸ்மேன் தன் கை ரத்தக்குழாய் வழியாக தானே இதயத்துக்குள் குழாய் விட்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய் படம் எடுத்தார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கையெழுத்து எதற்கு?

"உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கே" என்று உறவினர்கள் கலங்குவது இந்த பாரத்தை பார்த்துத்தான். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு போன்றவை ஆயிரத்தில் ஓரிருவருக்கு வந்தாலே அதிகம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதுதான் அடிக்கடி வரும் தொல்லை.

உடனே ஸ்டென்ட் வைத்து விடுவார்களா?

எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு மாத்திரையே போதும். சிலருக்கு ஸ்டென்ட், சிலருக்கு பைபாஸ். மாரடைப்போடு வருபவருக்கு உடனே ஸ்டென்ட் தேவைப்படலாம். "அடைப்பு இருந்தா இப்பவே வைப்பீங்களா, செலவு எவ்வளவு?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மறைக்காமல் சொல்லுங்கள்

கிட்னி கோளாறு, அலர்ஜி, கர்ப்பம், சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொடை வழியாக செய்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். கையில் செய்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்தி பிடித்துக்கொண்டு 108-ஐ கூப்பிடுங்கள்.

பயம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அல்ல.