நெட் போனா சம்பளமும் போகுமா? இரண்டாவது இன்டர்நெட் கனெக்‌ஷன் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க



மாசம் 500, 600 ரூபாய் பிராட்பேண்ட் பில்லை நாம யாரும் பெருசா நினைக்கிறதில்லை. ஆனா வீட்டிலிருந்து வேலை பார்க்குற ஒருத்தருக்கு அந்த ஒரு ஒயரை நம்பித்தான் முழு சம்பளமும் இருக்கு. தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம்னு நம்ம மாவட்டத்துல உட்கார்ந்துகிட்டே பெங்களூரு, ஓசூர், சென்னை கம்பெனிகளுக்கு லாக்-இன் பண்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும். நெட் போச்சுன்னா மேனேஜர் முதல் தடவை "பரவாயில்லை"ன்னு சொல்வார். மூணாவது தடவை "லீவ் போட்டுடுங்க"ன்னு சொல்வார். லீவும் தீர்ந்துட்டா லாஸ் ஆஃப் பே.

இந்த நிலைமைக்கு வந்ததும் நிறைய பேர் உடனே செய்யுறது, இன்னொரு கம்பெனியில இரண்டாவது ஃபைபர் கனெக்‌ஷன் எடுக்குறது. பல வீடுகளுக்கு அது தேவையே இல்லாத செலவு. நெட் எதனால போகுதோ, அதுக்குத்தான் காசு செலவு பண்ணணும். எந்த வரிசையில செலவு பண்ணணும், எந்த இடத்துல நிறுத்தணும்னு இந்தப் பதிவுல பார்க்கலாம்.

முதல்ல மோடத்தைப் பாருங்க

அடுத்த தடவை நெட் போகும்போது கஸ்டமர் கேருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, மோடத்துல எரியுற லைட்டைப் பாருங்க.

எந்த லைட்டும் எரியலைன்னா, பிரச்சினை கரண்ட்ல. எல்ஓஎஸ்னு எழுதியிருக்குற இடத்துல சிவப்பு லைட் எரிஞ்சா அல்லது மினுக்கினா, ஃபைபர் வழியா வெளிச்சம் வரலைன்னு அர்த்தம். பெரும்பாலும் வழியில எங்கேயோ ஒயர் அறுந்திருக்கும். பிஓஎன் லைட் பச்சையா நிலையா எரியுது, ஆனா நெட் வரலைன்னா, ஒயர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு கம்பெனி பக்கமாவோ, உங்க ரவுட்டர் செட்டிங்ஸ்லயோ இருக்கும்.

ரெண்டு மாசத்துக்கு போன் நோட்ஸ்ல தேதி, நேரம், என்ன லைட், எவ்வளவு நேரம்னு குறிச்சு வைங்க. அதுக்கப்புறம் எதுக்குக் காசு செலவு பண்ணணும்னு நீங்க யார்கிட்டயும் கேட்க வேண்டியிருக்காது.

முதல் செலவு: மோடத்துக்குக் கரண்ட்

மின்வாரியத்தோட மாதாந்திர பராமரிப்பு நாள்ல காலை 9 மணிக்குப் போற கரண்ட் மதியம் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோதான் வரும். அது போக மழை, காத்துன்னா சொல்லவே வேண்டாம். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, மோடத்துக்கு இல்லை. இங்க இரண்டாவது ஃபைபர் எடுத்தா என்ன ஆகும்? கரண்ட் போனதும் ரெண்டு மோடமும் சேர்ந்தே அணைஞ்சு போகும்.

வீட்டுல ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கா? மோடம் சொருகியிருக்குற பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கான்னு பாருங்க. பல வீடுகள்ல ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் அந்த லைன் போகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பாயின்ட்டை மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சது.

இன்வெர்ட்டர் இல்லைன்னா, மோடத்துக்குன்னே விக்கிற மினி யுபிஎஸ் சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்குறதுக்கு முன்னாடி மோடம் அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும், ஆம்ப் மட்டும் 1, 1.5, 2ன்னு மாறும். யுபிஎஸ் வோல்ட் அதே அளவா இருக்கணும், ஆம்ப் குறையக் கூடாது. பெட்டி மேல போட்டிருக்குற 8,000 எம்ஏஹெச்ங்கிற நம்பரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அது 3.7 வோல்ட் கணக்கு. 8,000 எம்ஏஹெச்னா சுமார் 30 வாட்-ஹவர். மோடம் 10 வாட் இழுத்தா பேப்பர்ல 3 மணி நேரம், கையில கிடைக்கிறது இரண்டரை மணி நேரம்.

இன்னொரு விஷயம். உங்களுக்கு வர்றது உண்மையான ஃபைபரா, இல்லை தெருவுல இருக்குற பெட்டியிலிருந்து வர்ற லேன் கேபிளான்னு கேபிள்காரர்கிட்ட கேளுங்க. வீடு வரைக்கும் ஃபைபர்னா, நடுவுல ஒயரைப் பிரிக்கிற பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பெனி ஆபீஸ்ல கரண்ட்டும் உங்க மோடத்துல கரண்ட்டும் இருந்தா போதும். லேன் கேபிள்னா, தெருப் பெட்டியில இருக்குற ஸ்விட்ச்சுக்கும் கரண்ட் வேணும். அதுக்கு பேட்டரி இல்லைன்னா, உங்க வீட்டு யுபிஎஸ்ஸால எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது செலவு: வேற கம்பெனி சிம்

சிவப்பு லைட் அடிக்கடி வருதுன்னா ஒயர் அறுபடுதுன்னு அர்த்தம். இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. ரோடு, குழாய், கேபிள் வேலைன்னு தோண்டும்போது நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் தடவை ஃபைபர் அறுபடுது, அதனால 3,000 கோடி ரூபாய் நஷ்டம்னு மத்திய அரசே கணக்கு சொல்லியிருக்கு. தோண்டுறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும்னு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற ஆப்பையே 2023 மார்ச் 22 அன்னைக்கு பிரதமர் தொடங்கி வெச்சார்.

இதுக்கு போன் ஹாட்ஸ்பாட்தான் சரியான மாற்று. ஆனா பிராட்பேண்ட் எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனி சிம்மை பேக்கப்பா வெச்சுக்காதீங்க. ஊருக்கு வர்ற அவங்க மெயின் லைன் அறுந்தா, ஃபைபரும் டவரும் ஒரே நேரத்துல படுத்துடலாம்.

புது சிம் வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல யார் யார்கிட்ட எந்த சிம் இருக்குன்னு பாருங்க. அப்பா போன்ல வேற கம்பெனி சிம்மும் தினசரி டேட்டாவும் இருந்தா, உங்க பேக்கப் ஏற்கெனவே வீட்டுலதான் இருக்கு. கவனிக்க வேண்டியது டேட்டா அளவு மட்டும்தான். வீடியோ கால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி சாப்பிடும். தினம் 1.5 ஜிபி பேக் ஒரு மீட்டிங்கைத்தான் தாங்கும். கேமராவை ஆஃப் பண்ணுங்க, லேப்டாப்ல அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்‌ஷன்'னு மாத்துங்க. இல்லைன்னா விண்டோஸ் அப்டேட்டே மொத்த டேட்டாவையும் காலி பண்ணிடும். வைஃபைக்குப் பதிலா யுஎஸ்பி கேபிள்ல டெதரிங் போட்டா, போனும் சார்ஜ் ஆகும், லைனும் நிலையா இருக்கும்.

மூணாவது செலவு: இன்னொரு பிராட்பேண்ட்

முதல் ரெண்டும் பத்தலைன்னாதான் இதுக்கு வரணும். அப்பவும் ஒரு கேள்வி கேளுங்க: "புது ஒயர் எந்த வழியா வரும்?" ரெண்டு கம்பெனி ஒயரும் ஒரே கம்பத்துல தொங்கிட்டு வந்தா, ஒரு மரக்கிளை விழுந்தா ரெண்டும் சேர்ந்தே போகும். சில ஊர்கள்ல ஒரே கேபிள்காரர் ரெண்டு பிராண்டையும் எடுத்து நடத்துவார். உங்க ஏரியாவுல 5ஜி சிக்னல் நல்லா இருந்தா, ஒயரே இல்லாத ஏர்ஃபைபர் மாதிரி சேவை இதைவிட நல்ல பேக்கப். ஏன்னா அது வர்ற வழியே வேற.

இப்போ கணக்கு

உங்க சம்பளம் மாசம் 40,000னு வெச்சுக்குவோம். 30 நாளுக்கு வகுத்தா ஒரு நாள் 1,333 ரூபாய். வருஷத்துல நெட் பிரச்சினையால 4 நாள் போகுதுன்னா நஷ்டம் 5,332 ரூபாய். பேக்கப்புக்கு வருஷச் செலவு இதோ:

- மினி யுபிஎஸ்: 2,000 ரூபாய், 3 வருஷம் உழைச்சா வருஷத்துக்கு 667
- இரண்டாவது சிம்: 28 நாளைக்கு 300 ரூபாய். வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். ஆக 3,900
- இரண்டாவது பிராட்பேண்ட்: 500 கூட்டல் 18% ஜிஎஸ்டி, மாசம் 590. வருஷத்துக்கு 7,080

யுபிஎஸ், சிம் ரெண்டும் சேர்ந்து 4,567. நஷ்டத்தைவிடக் குறைவு, அதனால சரி. இரண்டாவது பிராட்பேண்டையும் சேர்த்தா 11,647. அதாவது 5,332 ரூபாயைக் காப்பாத்த 11,647 ரூபாய் கட்டுறோம். அப்பா போன் இருந்தா மொத்தச் செலவே 667தான்.

சம்பளம் ஒரு லட்சம், நைட் ஷிஃப்ட், ஆன்-கால் சப்போர்ட், புரொபேஷன்ல இருக்கீங்க, இப்படின்னா கணக்கு மாறும். அங்க போறது ஒரு நாள் சம்பளம் மட்டும் இல்லை, வேலையே ஆபத்துல இருக்கலாம். அவங்க மூணாவது படிக்கும் போகலாம். உங்க நம்பரைப் போட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எந்த பேக்கப்பும் தாங்காத நாள்

2024 ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீங்க. கடல்லருந்து இவ்வளவு தூரத்துல இருக்கோம், புயல் நம்மள என்ன பண்ணப் போகுதுன்னு இருந்தோம். டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல அரூர்ல 33 செ.மீ., பக்கத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ. மழை கொட்டுச்சு. அந்த மாதிரி நாள்ல கரண்ட், கேபிள், டவர் மூணும் ஒரே நேரத்துல அடிபடலாம். அதுக்கு வீட்டுல எவ்வளவு காசு போட்டாலும் தீர்வு கிடையாது. நெட் இருக்குற வேற ஊர்ல ஒரு சொந்தக்காரர் வீடோ நண்பர் ரூமோ தெரிஞ்சிருக்கணும். ரெட் அலர்ட் வந்த உடனே மேனேஜருக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போடணும். நெட் போனதுக்கு அப்புறம் சொல்ற காரணத்துக்கும், முந்தின நாளே சொன்ன தகவலுக்கும் ஆபீஸ்ல மதிப்பு வேற வேற.

அதே மாதிரி வருமான வரி ரிட்டர்ன், ஃபீஸ் கட்டுறது மாதிரி வேலைகளைக் கடைசி நாள் ராத்திரிக்கு வைக்காதீங்க. தாமதமா ஃபைல் பண்ணா, வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினவங்களுக்கு 5,000 ரூபாய் வரை லேட் ஃபீ. "நெட் இல்லை"ன்னு சொன்னா போர்ட்டல் கேட்காது.

இந்தச் செலவை வரியில காட்டலாமா?

சம்பளக்காரங்க வீட்டு நெட் பில்லை நேரடியா வருமானத்துல கழிக்க முடியாது. ஆனா வேலைக்காக ஆன நெட் செலவை, பில்லைப் பார்த்து கம்பெனி திருப்பிக் கொடுத்தா, அது பொதுவா வரிக்கு வராது. பில் இல்லாம 'இன்டர்நெட் அலவன்ஸ்'னு மாசாமாசம் கொடுத்தா, அது சம்பளம் மாதிரியே வரிக்கு உட்பட்டது. அதனால பில் உங்க பேர்லயே இருக்கட்டும், எச்ஆர்கிட்ட ஒரு தடவை கேளுங்க.

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில, சம்பளம் மட்டுமே வருமானம், அதுவும் 12.75 லட்சத்துக்குள்ளன்னா வரியே பூஜ்யம். அவங்களுக்கு அலவன்ஸா ரீஇம்பர்ஸ்மென்ட்டாங்கிறதுல வரி வித்தியாசம் இல்லை. கம்பெனி கொடுக்குதாங்கிறதுதான் கேள்வி.

நெட் வராத நாளுக்குக் காசு திரும்பக் கேளுங்க

டிராய் 2024 ஆகஸ்ட்ல வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகள்படி, ஒயர் வழி பிராட்பேண்ட் கோளாறை 3 நாளைக்கு மேல சரி பண்ணலைன்னா வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்கணும். அதுக்கு கேபிள்காரருக்கு போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் பத்தாது. கம்பெனியோட ஆப் அல்லது கஸ்டமர் கேர் வழியா புகார் பதிவு பண்ணி, புகார் எண்ணை வாங்கி வைங்க. அவங்க பதில் திருப்தியா இல்லைன்னா, அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட 30 நாளுக்குள்ள போகலாம். அதுக்கும் மேலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. நீங்க நோட்ஸ்ல குறிச்சு வெச்ச தேதிகள் இங்கயும் உதவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 20 நிமிஷம்

மோடம் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் எடுக்குதான்னு பாருங்க. அப்புறம் ஃபைபரை மறந்துட்டு, ஹாட்ஸ்பாட்ல ஆபீஸ் விபிஎன் ஏறுதா, ஒரு டெஸ்ட் கால் ஒழுங்கா போகுதான்னு பாருங்க. வீட்டுல எந்த ஜன்னல் பக்கம் சிக்னல் நல்லா வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. பேக்கப் வேலை செய்யலைன்னு திங்கள்கிழமை காலை 10 மணி மீட்டிங்ல தெரியுறதைவிட ஞாயிற்றுக்கிழமை தெரியுறது நல்லது.

வீட்டிலிருந்து வேலை பார்க்குற நண்பர்களுக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. அடுத்த பதிவுல, எமர்ஜென்சி ஃபண்டை எங்க போட்டு வைக்கலாம்னு பார்ப்போம்.