ஓவியம் ஊர் போய்ச் சேரும் வரை

செம்பூரில் வாழும் ஓவியர் ஒருவர், மூன்று மாதம் உழைத்து முடித்த தஞ்சாவூர் ஓவியத்தைச் சென்னையிலுள்ள ஒருவருக்கு ரூ. 60,000-க்கு விற்று, லாரி சேவை மூலம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடும் செய்திருக்கிறார். ஆயினும், ஓவியம் கண்ணாடி நொறுங்கி, தங்க ரேக்கு கீறப்பட்ட நிலையில் போய்ச் சேருகிறது. இழப்பீடு கேட்டால், கட்டு போதுமானதாக இல்லை என்ற விடை வருகிறது. சரக்குக் காப்பீட்டில், குறைபாடான கட்டினால் நேரும் சேதம் பொதுவாக விலக்கப்பட்டதே. எனவே, ஓவியத்தைக் கட்டும் முறையே அதன் முதல் காப்பீடு.

ஓவியத்தின் தன்மை அறிக

தஞ்சாவூர் ஓவியம் பலகையின்மீது துணி ஒட்டி, மக்கு கொண்டு புடைப்பு அமைத்து, கற்களும் ரேக்கும் பதித்துச் செய்யப்படுவது; அதைச் சுருட்டவோ வளைக்கவோ இயலாது. கான்வாஸ் ஓவியத்தைச் சுருட்டலாம்; ஆனால் வண்ணம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், வண்ணப் பக்கம் வெளிப்புறமாக இருக்க வேண்டும், குழாய் அகலமானதாக இருக்க வேண்டும். அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும்.

ஆகையால் வண்ணத்தின்மீது பபிள் ராப் நேரடியாகப் படக்கூடாது. மும்பையின் புழுக்கத்தில் அதன் குமிழ்கள் வட்டத் தழும்புகளாகப் பதிந்துவிடும். முதலில் அமிலமற்ற கிளாசின் தாள். அதன்மேல், குமிழ்கள் வெளிநோக்கியிருக்குமாறு பபிள் ராப். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் இவற்றுக்குமேல் பாலித்தீன் உறை ஒன்றும் தேவை. சட்டத்தில் கண்ணாடி இருப்பின், அதற்கு மாற்றாக அக்ரிலிக் தகடு பொருத்துவது நன்று. இயலாவிடில், உடைந்த சில்லுகள் ஓவியத்தைக் கிழிக்காதிருக்கக் கண்ணாடியின்மீது மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுக.

பெட்டி

தாராவியில் பழைய அட்டைப்பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை உட்புறத் தடுப்புக்குப் பயன்படுத்தலாம், வெளிப்பெட்டிக்கு வேண்டா. ஒருமுறை சுமை தாங்கிய நெளியட்டை தன் வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. புதிய ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியோ ஒட்டுப்பலகைப் பெட்டியோ ஏற்றது. நான்கு மூலைகளுக்கும் காப்பு இட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 5 செ.மீ. நுரைத்தகடு வைக்க வேண்டும். மூடிய பெட்டியை மெல்ல அசைத்தால் உள்ளே எதுவும் நகரக்கூடாது. படுக்க வைக்காமல் நிறுத்தி எடுத்துச்செல்ல அம்புக்குறி இடுக.

மதிப்பும் சான்றும்

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, அனுப்புநர் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணம் செலுத்தாவிடில், லாரி நிறுவனத்தின் பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும். ரூ. 1,500 கட்டணத்திற்கு ரூ. 15,000 மட்டுமே, மீதி ரூ. 45,000 ஓவியரின் இழப்பு. எனவே விலைப்பட்டியலின்படி மதிப்பை அறிவித்து, ரசீதில் அது பதிவானதை உறுதிசெய்க.

கட்டுவதற்கு முன்னும், கட்டும்போதும், கட்டிய பின்னும் புகைப்படம் எடுத்துவைக்கவும். பெறுபவர் சேதத்தைக் கண்டால், ஒப்புகைச் சீட்டிலேயே அதனைக் குறித்து, கட்டுப்பொருள்களை எறியாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனத்திற்கான எழுத்துமூல அறிவிப்பு, பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் சென்றுசேர வேண்டும்.

கடல் கடந்து செல்லுகையில்

வெளிநாட்டிற்கு அனுப்பும் மரப்பெட்டி, உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வெப்பமூட்டப்பட்டதற்கான முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை. நூறாண்டு கடந்த ஓவியங்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. பழைய பாணியில் வரைந்த புதிய தஞ்சாவூர் ஓவியமும் சுங்கத்தில் ஐயத்திற்கு உள்ளாகலாம். ஆதலால் தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுக.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவைத் தனியே கணக்கிட்டு ஓவியத்தின் விலையோடு சேர்த்துக் கூறுவதில் தயக்கம் வேண்டா. ஓவியம் பழுதின்றி வந்துசேரும் என்ற உறுதிக்கும் சேர்த்தே வாங்குபவர் பணம் தருகிறார்.