சின்ன முனைக்கு நல்ல குறடு

பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி சென்ற ஆண்டு ஒரு சிறு ரோபோ வண்டி செய்தாள். வீட்டில் ஒழுங்காக ஓடிய வண்டி, தேர்வாளர் முன்னிலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. மோட்டாரில் குறையில்லை, பேட்டரியிலும் குறையில்லை. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். ஒன்று கையோடு வந்துவிட்டது. அரிசி மணியளவு டெர்மினலை நோஸ் பிளையரால் நசுக்கி, போதாதென்று ஈயமும் வைத்திருந்தாள்.

"ஈயம் வைத்தால் கெட்டிதானே, தாத்தா?" என்றாள்.

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உருகிய ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி அவற்றை விறைப்பாக்கிவிடும். அதிர்வில், விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் முறியும். ரயில்வேயில் வேலை பார்த்த எங்களுக்கு அதிர்வு செய்யும் வேலை நன்றாகவே தெரியும். சரியான கிரிம்பில் டெர்மினலின் முன் சிறகுகள் சுருண்டு செம்பு இழைகளைக் காற்றுப் புகாமல் அமுக்கும். பின் சிறகுகள் மேலுறையைப் பிடித்து இழுப்பைத் தாங்கும். ஈயமே தேவையில்லை.

இதற்கான குறடு வாங்கப் போனால்தான் மலைப்பு. கனெக்டர் தயாரிப்பாளர்களின் அசல் கருவிகள் பல பதினாயிரம் ரூபாய் ஆகும். அதுவும் பெரும்பாலும் ஒரே டெர்மினல் வரிசைக்குத்தான். மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

சில ஆயிரங்களுக்குள் முடிக்க இரண்டு வழிகள் உண்டு. 2.54 மி.மீ. இடைவெளியுள்ள 'டூபாண்ட்' வகை முனைகளுக்கு, 'எஸ்.என்.-28பி' என்ற ராட்செட் குறடு போதும். முழுதாக அமுக்கும் வரை வாய் திறக்காது என்பதால் அரைகுறை வேலைக்கு இடமில்லை. 2 மி.மீ. 'ஜே.எஸ்.டி. பி.எச்.' போன்ற இன்னும் சிறிய முனைகளுக்கு ஜப்பானிய 'என்ஜினியர் பி.ஏ.-09' நல்லது. இதில் 1.0 முதல் 1.9 மி.மீ. வரை நான்கு பள்ளங்கள் உண்டு. முன் சிறகையும் பின் சிறகையும் தனித்தனியே அமுக்க வேண்டும். ராட்செட் இல்லாததால் கைப்பழக்கம் அவசியம். ஆனால் ஒரே குறடு பல வகைகளுக்கு உதவும்.

மும்பை லாமிங்டன் சாலையானாலும் டில்லி லஜபத்ராய் மார்க்கெட்டானாலும், வெறுமனே "கிரிம்பிங் டூல்" என்று கேட்காதீர்கள். கணினி நெட்வொர்க் கேபிளுக்கானதையோ, சிவப்பு-நீல லக்குகளுக்கானதையோ எடுத்துத் தருவார்கள். டெர்மினலையும் வயரையும் கொண்டுபோய், அங்கேயே இரண்டு முனை அடித்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை: 26 கேஜ் வயரில் அடித்த முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். கழன்று வந்தால் அது கிரிம்ப் அல்ல.

பேத்தி எல்லா முனைகளையும் மாற்றி அடித்தாள். மறுதேர்வில் வண்டி நிற்கவில்லை. எங்கள் குறடு இப்போது ஆண்டுக்கு நாலு நாள்தான் வேலை செய்கிறது. சங்க நூலகத்தில் புத்தகங்களோடு இப்படி ஒரு குறடும் இருந்தால், நம் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. முதல் குறடாக எங்களுடையதைத் தருகிறேன்.