மலைக் காட்டேஜில் இரண்டு நாள்: முன்பணம் முதல் முறையீடு வரை

கொடைக்கானல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளை விட்டு விலகி, வட்டக்கானல், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தனித்து நிற்கும் காட்டேஜ்களை நாடுவோர் பலர். வெள்ளி இரவு மதுரையிலோ திருச்சியிலோ கிளம்பி ஞாயிறு மாலை மலை இறங்கிவிடும் இந்தக் குறும்பயணத்தில், இடத்தைப் பார்க்காமலே பணம் கட்டுவதுதான் வழக்கம். வாட்ஸ்அப்பில் வந்த நான்கு படங்கள், ஒரு யுபிஐ எண், “மத்ததை வந்து பேசிக்கலாம் சார்” என்ற ஒரு குரல்: ஒப்பந்தம் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. தங்க வருபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு வலுவானது. ஆனால் பணம் யாரிடம், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட முடியாதவருக்கு அது எட்டாமலே போகிறது.

ஆகவே விசாரிப்பதெல்லாம் முன்பணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காட்டேஜின் முழு முகவரி, நடத்துபவரின் பெயர், உள்ளாட்சி உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு ஆகியவற்றைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஜிஎஸ்டி எண் தந்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தப் பெயரும் யுபிஐ திரையில் தெரியும் பெயரும் வேறுவேறாக இருந்தால் காரணம் கேட்டாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு வரி 5 விழுக்காடுதான். பழைய 12 விழுக்காட்டைச் சேர்த்துக் கணக்குச் சொல்பவரிடம் வரி எண்ணுடன் கூடிய பில்லைக் கேட்பது நல்லது. வாடகை, வரும் நேரம், வெளியேறும் நேரம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், கேம்ப் ஃபயருக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் தொலைபேசியில் பேசினாலும், பிறகு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சொல் பின்னாளில் சாட்சியாகும்.

முன்பதிவு இணையதளங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. உண்மையில்லாமல் “இன்னும் ஒரே அறைதான்” என்று அவசரப்படுத்துவதையும், கடைசித் திரையில் புதிய கட்டணத்தை நுழைப்பதையும், கேட்காத சேவையைத் தொகையில் சேர்ப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன.

அனுமதியில்லாத கட்டடம் எந்த நாளும் சீல் வைக்கப்படலாம். கொடுத்த முன்பணம் அதோடு சிக்கிக்கொள்ளும். நீலகிரி சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை மறித்த ரிசார்ட்டுகளுக்கு எதிராக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விலங்குகளின் பாதையில் கட்டப்பட்ட இடத்தில் பணத்தைவிட உயிர்தான் முதலில் ஆபத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே உலவுகிறது. இருட்டிய பிறகு காட்டேஜுக்கு வெளியே நடக்க வேண்டியிராதபடி வெளிச்சத்திலேயே போய்ச் சேர்வது நல்லது. “நம்ம பையன் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவான்” என்ற அழைப்பை, வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காத வரை ஏற்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது தேனி மாவட்டம் மறக்காத துயரம்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வாகனத்தில் போக இ-பாஸ் தேவைப்படுகிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. பாஸ் கிடைக்காமல் பயணம் நின்றுபோனால் பணம் திரும்புமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். நிலச்சரிவால் சாலை மூடப்பட்டுத் தங்குவதே இயலாமல் போனால் நிலை வேறு. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு.

குளிர் ஊர்களில் மிகக் கொடிய ஆபத்து அறைக்குள்ளேயே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், நான்கு குழந்தைகள் உட்பட, கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில் கதவு சன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கி உயிரிழந்தார்கள். வெளியே பார்பிக்யூ முடித்துவிட்டுக் கதகதப்புக்காகக் கரி அடுப்பை அறைக்குள் தூக்கி வைப்பதும் இதே முடிவைத்தான் தரும். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். புகைபோக்கி இல்லாத கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டியிருப்பதும் ஆபத்து. அத்தகைய அறையில் தங்க மறுத்து வேறு அறை கேட்கலாம். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணிப் படுத்துவிடக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். தெளிந்தது போலிருந்தாலும் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிகிச்சை தேவையா என்று பார்த்தாக வேண்டும்.

அந்தரங்கம் பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஒளித்து வைத்த கேமரா தென்பட்டால் அதைக் கழற்றாமல், இருந்த நிலையிலேயே படமெடுத்துவிட்டு 112-ஐ அழைக்க வேண்டும். அடையாளச் சான்றாக முழு ஆதார் நகலைத் தர மனமில்லாதவர், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கித் தரலாம். திருமணமாகாத ஆணும் பெண்ணும் விருந்தினராகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று, கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு தங்குமிடம் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது.

போய்ச் சேர்ந்த இடம் படத்தில் கண்டதற்கு மாறாக இருந்தால், பையைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுத்து, குறையை நடத்துபவருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். பில் தர மறுப்பதும், குறையுள்ள சேவைக்கான பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தராமல் இருப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். “வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு” என்ற பலகையும் முழுக் கவசமாகாது. 1998-இல் டெல்லியில் ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அத்தகைய வாசகத்தைக் காட்டி ஓட்டல் உதற முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காட்டேஜே இல்லை, எல்லாம் போலி என்று தெரிந்தால் வேகம் முக்கியம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால் வங்கி வழியாக முடக்க வாய்ப்புண்டு. இடம் இருந்து சேவையில் குறை என்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அது சமரசம் பேசுமே தவிர உத்தரவிடாது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: வழக்குக்காக மறுபடி மலையேற வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே, அல்லது இணையவழியிலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. ஆணைய உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மேல்முறையீடு செய்ய விரும்பும் காட்டேஜ்காரர் 45 நாளுக்குள், உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும்.