கூட்டுக் களவாணிகள்!

சர்க்கரை வியாதியும் காச நோயும்

இரண்டு வாரமாக இருமல். மாலையானால் லேசான ஜுரம். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அவ்வளவு இளைத்துவிட்டார் வீட்டுப் பெரியவர்.

"சர்க்கரைதான் ஆளை உருக்குகிறது" என்கிறார்கள் வீட்டார். சோற்றைக் குறைக்கிறார்கள். பாலை நிறுத்துகிறார்கள்.

இது ஆபத்தான தவறு! சர்க்கரையோடு காச நோயும் சேர்ந்திருக்கலாம். இரண்டுமே உடலை இளைக்க வைப்பவை. ஒன்றின் மறைவில் மற்றொன்று ஒளிந்துகொள்ளும்.

பழைய கூட்டு

இந்தக் கூட்டு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கனடாவில் 1921-ம் ஆண்டில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு, சர்க்கரை வியாதிக்காரர் பலரைக் காச நோயே கொண்டுபோயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் ஹோவர்ட் ரூட், இந்த இரு நோய்களின் உறவை ஆராய்ந்து 1934-ல் எழுதினார்.

காவல் தளர்ந்தால்...

க்ஷயம் என்றும் டி.பி. என்றும் சொல்லப்படும் காச நோய், காற்றில் பரவும் கிருமியால் வருவது. இந்தக் கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வெள்ளை அணுக்கள் காவல்காரர்களைப் போல அதை மடக்கி வைக்கின்றன.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இந்தக் காவல் தளர்கிறது. அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்குகிறது. சர்க்கரை வியாதிக்காரருக்குக் காச நோய் வரும் அபாயம், மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம்.

தமிழ்நாட்டில் காச நோயாளிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. சோதிக்கும் வரை அதை அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்!

இரண்டையும் அடக்க வேண்டும்

காச நோய் தீரக்கூடிய நோய். சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குணமாவது தடைப்படும். தீர்ந்த நோய் திரும்பவும் வரலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரிபாம்பிசின் என்ற காச நோய் மருந்து, சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே இரண்டு நோய்க்கும் சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை அவர்தான் மாற்ற வேண்டும்.

பட்டினி கூடாது. முட்டை, பருப்பு, மீன், அளவான பால் ஆகியவை காச நோயாளிக்குத் தெம்பு தரும். சர்க்கரை வியாதிக்கும் இவை பகையல்ல.

இருமல் இரண்டு வாரம் நீடித்தால், சர்க்கரை வியாதிக்காரர் சளியைச் சோதிக்க வேண்டும். காச நோய் வந்தவர் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு வேண்டியது பட்டினி அல்ல, சளிப் பரிசோதனை. களவாணிகளில் ஒருவன் அகப்பட்டால், மற்றவனையும் தேடுவதுதானே புத்திசாலித்தனம்?